மணங்கு: எந்த ஊர் மணங்கு?

புளியும் வெல்லமும் மணங்குக் கணக்கில் வீட்டுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு பாரம். ஆங்கில ஆட்சி ஏற்ற சென்னைக் கணக்குப்படி மணங்குக்கு 25 பவுண்டு, இன்றைய கணக்கில் 11 கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊர்ச் சந்தையிலேயே பிறந்ததுபோல் ஒலிக்கும் இந்தச் சொல்லின் உறவினர்களை நான் முதலில் கண்டது பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகக் கணக்கில்தான்.

புஷேரில் கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் கால் ஊன்றியது. பிறகு அங்கிருந்த ஆங்கில அரசுப் பிரதிநிதி (ரெசிடென்ட்), ஆண்டுதோறும் ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியலை இந்திய அரசுக்கு அனுப்பினார். 1870களின் பட்டியல்களில் மதிப்பு ரூபாயில் இருக்கும். துறைமுகத்தில் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் கரைக்குப் பல மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கு படகுகளில் ஏறி இறங்கியது. வந்தவை துணி, சர்க்கரை, தேயிலை, அவுரி, இரும்பு. போனவை அபின், கம்பளம், பருத்தி, கம்பளி, பாதாம், பிசின், புகையிலை, ஷிராஸ் பன்னீர். இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்த அங்கே வழங்கிய சொல் 'மன்'. ஆங்கிலேயர் அதை 'மாண்ட்' என்று எழுதினார்கள். நம் மணங்குக்கும் அவர்கள் எழுதியது அதே 'மாண்ட்' தான்.

சொல்லின் வேர் மிகப் பழையது. மெசபொட்டேமியாவின் அக்காடிய மொழியில் 'மனூ' என்பது அறுபது ஷெக்கல் கொண்ட எடை, ஏறத்தாழ அரைக் கிலோ. கிரேக்கத்தில் அது 'ம்னா' (மினா), எபிரேயத்தில் 'மனே', அரபியில் 'மன்'. ரிக் வேதத்தில் பொன்னோடு சேர்ந்து வரும் 'மனா' என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. வடக்கே 'மண்', தெலுங்கில் 'மணுகு', தமிழில் மணங்கு. கன்னடர் 'மண' என்பார்கள். தமிழ் விவிலியத்தில் லூக்கா சொல்லும் பத்து மினாக் கதையில் மினா 'இராத்தல்' ஆகியிருக்கிறது. இராத்தலும் அரபி 'ரத்ல்' வழி வந்ததுதான். மொழிபெயர்த்தவர்கள் மினாவின் சொந்தப் பிள்ளையான மணங்கை விட்டுவிட்டு வேறொரு எடையைப் பிடித்தார்கள். அதற்கு நியாயமும் உண்டு. மினா கைக்கு அடங்கும் எடை, மணங்கோ தலைச்சுமை.

சொல் ஊர் ஊராகப் போனது. எடை கூடவே போகவில்லை. இங்கேதான் பட்டியலைப் படிப்பவன் இடறி விழுகிறான். தப்ரீஸ் மன் 640 மிஸ்கால், சுமார் 3 கிலோ. ஷா மன் அதில் இரு மடங்கு. மஸ்கட் மன் சுமார் 4 கிலோ. புஷேரில் தானியம் நிறுத்த ஹாஷிமி மன்னோ, உள்ளூர்ச் சிறு மன் பதினாறு சேர்ந்தது. ஐம்பது கிலோவைத் தாண்டும். பம்பாய் மாண்ட் 28 பவுண்டு. வங்காள மாண்டை 1833இல் நாணயச்சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் 3200 தோலாவாக வரையறுத்தார். அது 37 கிலோவுக்கு மேல். 'நூறு மன்' என்று ஒரு வரியில் பார்த்தால் அது 300 கிலோவாகவும் இருக்கலாம், 5 டன்னாகவும் இருக்கலாம். ஒரே துறைமுகத்தில், ஒரே ஆண்டில், ஒரே சொல்லில்!

எடையில் பிழை வந்தால் வரியிலும் பிழை வரும். பாரசீகச் சுங்கம் நெடுங்காலம் சரக்கு மதிப்பில் நூற்றுக்கு ஐந்து என்று இருந்தது. துறைமுகச் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வசூலித்தார்கள். 1900 வாக்கில் பெல்ஜிய அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள். 1903இல் வந்த புதிய சுங்க விகிதம் பல சரக்குகளுக்கு மதிப்பை விட்டு எடையைப் பிடித்தது. அன்றுமுதல் 'எந்த மன்?' என்ற கேள்விக்கு அரசாங்கமே விடை சொல்லியாக வேண்டியிருந்தது. ஆங்கில ஆட்சி அதிகாரி லோரிமர் தொகுத்த வளைகுடா கெசட்டியர் எடைகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தந்திருப்பது வெறும் பண்டித ஆர்வத்தால் அல்ல. அந்த விவரம் இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள தொகைகள் பாதி ஊமை.

இன்னோர் உறவையும் சொல்லாமல் விட மனமில்லை. பாரசீகத்தில் நூறு தப்ரீஸ் மன் ஒரு 'கர்வார்'. 'கர்' என்றால் கழுதை, 'வார்' என்பது 'பார்', அதாவது சுமை. கழுதைச்சுமை என்று பொருள். அந்தப் 'பாரும்', வடமொழி 'பார'த்திலிருந்து வந்த நம் இருபது மணங்குப் 'பாரமும்' ஒரே வேரில் கிளைத்தவை.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு கிலோ வந்து மணங்கைத் தள்ளியது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய மளிகைக் கணக்கு நோட்டு இருந்தால் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் மணங்கு என்று கண்டால், அது எந்த ஊர் மணங்கு என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஓரத்தில் எழுதி வையுங்கள்.