சாசனத்தில் வைத்த வாசல்

சட்டம் மனிதருக்கு உரிமைகளை உறுதி செய்கின்றது என்பர். அவ்வாறு உறுதி செய்த உரிமையை ஒதுக்கிவைக்கவும் அச்சட்டமே வழி திறந்து வைத்திருந்தால், எளியவர் எதை நம்புவது? கனடா நாட்டின் அண்மைக்கால வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

1982-ஆம் ஆண்டு கனடா தன் அரசியலமைப்பில் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்திய நவம்பரில் பிரதமர் பியேர் ட்ரூடோ மாகாண முதல்வர்களோடு நடத்திய பேச்சு முறியும் நிலையை எட்டியிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்கு மேலாக நீதிபதிகள் உயர்ந்துவிடுவர் எனச் சில முதல்வர்கள் அஞ்சினர். அவர்களை இணங்கச் செய்தது 33-ஆம் பிரிவு. அதன்படி, சாசனத்தின் 2-ஆம் பிரிவுக்கோ, 7 முதல் 15 வரையுள்ள பிரிவுகளுக்கோ முரணாயினும் தன் சட்டம் செல்லும் என்று சட்டமன்றமே அறிவிக்கலாம். அவ்வறிவிப்பு ஐந்து ஆண்டுகள் நிற்கும். பின்னர்ப் புதுப்பிக்கவும் படலாம்.

இவ்வாசல் அரிதாகவே திறக்கப்படும் என்று பலர் நம்பினர். ஆனால் 1985-இல் சஸ்காட்சுவன் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், சங்கம் சேரும் சுதந்திரத்தில் வேலைநிறுத்தமும் அடங்கும் என்றது. மறு ஆண்டு, தன் ஊழியரைப் பணிக்குத் திருப்பும் சட்டத்தை இயற்றிய அம்மாகாண அரசு, நீதிமன்றம் குறுக்கிடாதபடி 33-ஆம் பிரிவை முன்கூட்டியே அதில் எழுதி வைத்தது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அப்படியோர் உரிமை சாசனத்தில் இல்லையென்று தீர்ப்பளிக்கவே, அந்தக் காப்பே தேவையற்றதாயிற்று. 28 ஆண்டுகள் கழிந்தபின், 2015-இல், அதே மாகாணத்தின் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. வேலைநிறுத்தமின்றிக் கூட்டுப் பேரம் பொருளற்றுப் போகும். எனவே அது சாசனம் காக்கும் உரிமையே என்றது.

இத்தீர்ப்பு நிலைபெற்றிருந்த காலத்தில்தான் ஒன்டாரியோ நிகழ்ச்சி நடந்தது. பள்ளித் துப்புரவாளர், அலுவலக எழுத்தர், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளின் உதவியாளர் எனச் சுமார் 55,000 பேர் ஊதிய உயர்வு கோரினர். அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளும் அரசு நிதியில் இயங்குவதால் அவற்றின் ஊழியரும் இவர்களுள் இருந்தனர். இவர்களது சராசரி ஆண்டு ஊதியம் 39,000 டாலர் எனச் சங்கம் கூறியது. வேலைநிறுத்தம் தொடங்குமுன்பே, 2022 அக்டோபர் 31 அன்று, முதல்வர் டக் ஃபோர்டின் அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. நவம்பர் 3 அன்று அது சட்டமாயிற்று. நான்காண்டு ஒப்பந்தம் திணிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. மீறும் ஊழியருக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர் வரையும் சங்கத்துக்கு 5 லட்சம் டாலர் வரையும் அபராதம். இச்சட்டத்துக்கும் 33-ஆம் பிரிவே காவல்.

பெருந்தொற்றால் வகுப்பறையை இழந்த பிள்ளைகளின் கல்வி மீண்டும் தடைபடக் கூடாது என்று அரசு வாதிட்டது. பெற்றோர் எவரும் அதைப் புறந்தள்ள இயலாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தனியார் ஆலையில் முதலாளியும் தொழிலாளியும் முரண்பட்டால் அரசு நடுவே நிற்கலாம். அரசே முதலாளியாயிருக்கும் இடத்தில், பேச்சுக்கு அமர்ந்த இருவரில் ஒருவர் சட்டம் இயற்றும் கையையும் உடையவர். அங்கே நடுநின்று கேட்கக்கூடியது நீதிமன்றம் ஒன்றே. 33-ஆம் பிரிவு அதன் வாயை அடைத்துவிடுகின்றது.

நவம்பர் 4 அன்று ஊழியர் அபராதத்துக்கு அஞ்சாது வெளியேறினர். தேர்தலில் ஃபோர்டை ஆதரித்த சில கட்டிடத் தொழிற்சங்கங்களுங்கூட அவர்கள் பக்கம் பேசின. பொது வேலைநிறுத்தப் பேச்சும் எழுந்தது. நவம்பர் 7 அன்று முதல்வர் சட்டத்தைத் திரும்பப் பெற இசைந்தார். 14-ஆம் நாள் அது நீக்கப்பட்டு, ஒருபோதும் நடைமுறையில் இருந்ததில்லை எனக் கருதப்படலாயிற்று. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில் மணிக்கு ஒரு டாலர் வீதம் ஆண்டுதோறும் உயர்வு கிடைத்தது. வாக்களித்த உறுப்பினருள் 73 விழுக்காட்டினர் அதை ஏற்றனர்.

இதனை முடிந்த கதையென்று எண்ணிவிட வேண்டாம். 2025 அக்டோபரில் ஆல்பர்ட்டா மாகாணம் சுமார் 51,000 ஆசிரியரின் வேலைநிறுத்தத்தை அதே பிரிவின் துணையோடு முடித்தது. ஆசிரியர்கள் பணிக்குத் திரும்பினர். வாசல் இன்னும் திறந்தேயுள்ளது.

ஒன்டாரியோவில் ஊழியரைக் காத்தது நீதிமன்றத் தீர்ப்பு அன்று. தமக்கு நேரடி இழப்பு ஏதுமில்லாத பிறர், பள்ளியைக் கூட்டுபவரின் உரிமையைத் தம் உரிமையாக எண்ணி நின்றதே காத்தது. வேலைநிறுத்தத்தால் நம் வசதி குலையும் நாளில் நாம் முதலில் கேட்பது என்ன? பணி என்று தொடங்கும் என்றா, அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்றா? எளியவரின் உரிமை நிலைப்பதும் நழுவுவதும் அந்த விடையையும் பொறுத்ததே.