பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கலாமா? சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உயிரியலும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும், எதை எடுக்கிறதுன்னு தெரியலையா? ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற துறைதான் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ். தமிழில் உயிர் தகவலியல்.

என்ன படிப்பு இது?
மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஏ, டி, ஜி, சி என 4 எழுத்துகள்தான் மாறி மாறி வரும். இதில் எது மாறினால் என்ன நோய் வரும் என்பதை புரோகிராம் எழுதித் தேடுவார்கள். கொரோனாவை டெல்டா, ஒமைக்ரான் என வகை பிரித்ததிலும் இந்தத் துறைக்குப் பங்கு உண்டு.

சென்னையின் பங்கு
1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்', புரதங்களின் வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

எங்கே படிக்கலாம்?
கோவை பாரதியார், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன. புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. உண்டு.

இதையும் கவனிங்க
* ஆராய்ச்சிப் பணிகளுக்கு பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். டிகிரியோடு நிறுத்தினால் வாய்ப்பு குறைவு.
* பைத்தான், ஆர், புள்ளியியல் மூன்றும் அவசியம். பாடத்திட்டத்தில் எவ்வளவு இருக்குன்னு பாருங்க.
* அரசு வேலைதான் இலக்கு என்றால், பழைய தேர்வு அறிவிப்புகளில் இந்தப் பட்டத்தை ஏற்கிறார்களா என்று முதலில் பாருங்க.

கல்லூரிக் கட்டணம் கட்டும் முன், அமெரிக்காவின் என்சிபிஐ இணையதளத்தில் உள்ள 'பிளாஸ்ட்' கருவியை இலவசமாக முயற்சி பண்ணுங்க. ஆர்வம் இருக்கா இல்லையான்னு அதிலேயே ஓரளவு தெரிஞ்சிடும்.