விசையும் ஆற்றலும்: ஹோசங்காபாத் வகுப்பறைகளின் முப்பது ஆண்டுகள்

இந்திய அறிவியல் கல்வியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுக்கூடங்கள், பல்கலைக்கழகங்கள், கொள்கை அறிக்கைகள் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. கிராமத்துப் பள்ளியில் பயிலும் பன்னிரண்டு வயதுக் குழந்தை ‘விசை’ என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை. அத்தகைய வினாக்களையே மையமாகக் கொண்ட முயற்சி ஒன்று மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972 முதல் 2002 வரை நடைபெற்றது. அதைப் பற்றிய சில குறிப்புகளை இங்கே பகிர விரும்புகிறேன்.

ரசூலியாவில் இருந்த குவேக்கர் அமைப்பான ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும், கிஷோர் பாரதி என்னும் அமைப்பும் இணைந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டத்தைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து விலகி வந்த மூலக்கூறு உயிரியலாளர். அந்நிறுவனத்தின் அறிவியலாளர்களும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் விடுமுறைகளில் வந்து பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் இதனை முன்னெடுத்துச் செல்வதற்கென்றே ஏகலவ்யா என்னும் அமைப்பு உருவாயிற்று. இவை அரசுப் பள்ளிகளில், அரசின் ஒப்புதலுடன், அரசு ஆசிரியர்களைக் கொண்டு நடந்தவை என்பதை நாம் மறத்தல் கூடாது.

‘பால வைஞானிக்’ என்ற அவர்களின் பாடநூல், வரையறையை முதலில் தந்து பின்னர் அதை மெய்ப்பிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. சோதனை முதலில் வரும்; கண்டதைக் குழந்தையே எழுத வேண்டும்; முடிவு வகுப்பின் விவாதத்தில் பிறக்க வேண்டும். கருவிகளும் எளியவை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூப்பின் சிறு துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கியது இத்திட்டத்தோடு தொடர்புகொண்டிருந்த காலத்தில்தான்.

இம்முறையின் உட்பொருளை ஓர் எளிய சோதனையால் விளக்கலாம். சாய்த்து வைத்த அளவுகோலின் பள்ளத்தில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுவோம். கீழே ஒரு காலித் தீப்பெட்டி. குண்டு மோதியதும் பெட்டி சற்றே நகரும். குண்டை இருமடங்கு உயரத்திலிருந்து விட்டால் பெட்டி ஏறத்தாழ இருமடங்கு தொலைவு நகரும். நான்கு குழுக்கள் செய்தால் நான்கு அளவுகள் கிடைக்கும். எதுவும் துல்லியமாக ஒத்துப்போகாது. ஆயினும் போக்கு ஒன்றே. உயரத்தில் ஏதோ ஒன்று சேமிக்கப்பட்டிருந்தது, அது பெட்டியை நகர்த்துவதில் செலவாயிற்று என்று குழந்தை சொல்லும்போது, ‘ஆற்றல்’ என்னும் சொல்லுக்கான தேவை அங்கே பிறக்கிறது. தரையின் உராய்வு பெட்டியைத் தடுத்தது என்று சொல்லும்போது ‘விசை’ என்னும் சொல் தேவைப்படுகிறது. சொல் பின்னே வருகிறது. பொருள் முன்னே நிற்கிறது.

இவ்விரு சொற்களையும் குழந்தைகள் குழப்பிக்கொள்வதை நாம் அறியாமை எனக் கருதுகிறோம். வரலாறு வேறு கதை சொல்கிறது. இயங்கும் பொருளின் ‘விசை’யை அளப்பது அதன் வேகமா, வேகத்தின் இருமடியா என்ற வழக்கை 1686-இல் லைப்னிட்ஸ் டெக்கார்ட்டைப் பின்பற்றியோருக்கு எதிராக எழுப்பினார், அது அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. 1847-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே ‘விசை’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்தான் உள்ளது. பேரறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகள் தடுமாறிய இடத்தில், நாம் ஒரு குழந்தைக்கு நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றைத் தருகிறோம். தண்ணீர்க்குடத்தைத் தூக்கியபடி அசையாமல் நிற்பவர் இயற்பியலின்படி குடத்தின்மீது எந்த ‘வேலை’யும் செய்யவில்லை என்றால், கை வலிக்கும் குழந்தை அதை ஏன் ஏற்க வேண்டும்? அந்த வலி தசைகளுக்குள் நிகழும் ஆற்றல் செலவு என்று விளக்கும் வரை அதன் மறுப்பு நியாயமானதே.

ஹோசங்காபாத் திட்டம் இந்த மறுப்புக்கு இடமளித்தது. தேர்வுகளில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுத அனுமதி இருந்தது, செய்முறையும் மதிப்பிடப்பட்டது. ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் தம் ஐயங்களை அஞ்சலில் எழுதினர், பதில்களும் சென்றன. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, தம் வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினர். ‘எனக்குத் தெரியவில்லை, செய்து பார்ப்போம்’ என்று மாணவர் முன் சொல்லும் உரிமையை ஆசிரியருக்கு அளித்ததே இத்திட்டத்தின் ஆகப்பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து.

2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. மற்ற மாவட்டங்களின் பாடநூலே இங்கும் பயன்படட்டும் என்பதாயிற்று. அப்போது பதினைந்து மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில் இது நடந்துகொண்டிருந்தது. அறிவியலாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. இதைச் சீர்திருத்தவாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் காண்பது எளிது, போதாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மனப்பாடத்தைக் கேட்கும் வரை, எட்டாம் வகுப்பு வரை கேள்வி கேட்கப் பழகிய தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று ஏழைப் பெற்றோர் அஞ்சினால், அவ்வச்சத்தில் காரணம் இருந்தது. அடித்தளத்தை மாற்றிய திட்டம் உச்சியை மாற்ற இயலாமல் நின்றது.

யஷ்பால் தலைமையிலான குழு உருவாக்கிய 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, செய்து கற்றலை வலியுறுத்தியது. அதன்பின் வந்த அறிவியல் பாடநூல்களில் ‘செயல்பாடு’ என்ற தலைப்பிட்ட பெட்டிகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் பெட்டிக்கு அடுத்த வரியிலேயே முடிவும் அச்சாகியிருப்பின், அச்செயல்பாட்டைச் செய்து பார்க்கும் தேவை குழந்தைக்கு எங்கே எழும்? நான் பயின்ற பள்ளியில் நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றி ஒப்பித்தேன். ஒரு கோலிக்குண்டைக்கூட யாரும் உருட்டிக் காட்டவில்லை.

பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நண்பர்கள், விசையையும் ஆற்றலையும் மாணவர்கள் எந்த இடத்தில் குழப்பிக்கொள்கிறார்கள், அக்குழப்பத்தை எவ்வாறு எதிர்கொள்கிறீர்கள் என்று எழுதினால் என் ஆய்வுக்கும் பெருந்துணையாக இருக்கும்.