லில்லிபுட்டை வரைபடத்தில் தேடியவர்: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அங்கத நூல்களும் அவற்றின் வாசகரும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. பழியை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது முதல் வகை. அதைச் சொல்லுக்குள் மறைத்து, புகழுரை போலவோ வெறும் செய்தி போலவோ முன்வைப்பது இரண்டாவது வகை. செம்பொருள் அங்கதத்தைப் படிப்பவருக்குத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஏதுமில்லை. ஏசப்பட்டவர் சினப்பார், மற்றவர் ரசிப்பார். பழிகரப்பில் ஒளித்துவைத்த பொருளைக் கண்டெடுக்கும் வேலை வாசகர் தலையில் விழுகிறது; அதைக் கண்டவர் சிரிக்க, காணாதவர் எழுதியபடியே நம்பிவிட, அதில் தம் முகத்தையே கண்டவர் நீதிமன்றம் வரை போக, ஒரே நூலுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத வரவேற்புகள் ஒரே வாரத்தில் கிடைத்துவிடுகின்றன. 1702 முதல் 1735 வரையிலான இலண்டன், டப்ளின் நகரங்களின் பதிப்புலகம் இதற்கு நல்ல சான்று. அங்கே வாசகர்கள் பிளவுபட்டது தற்செயலன்று, எழுத்தாளர்கள் கையாண்ட முறையிலேயே அப்பிளவு அடங்கியிருந்தது என்பதும், அவர்களில் ஒருவர் அந்தப் பிளவையே எடுத்துத் தம் நூல்களுக்குள் மீண்டும் அச்சிட்டுக்கொண்டார் என்பதும் கவனத்துக்குரியவை.

இங்கிலாந்தில் நூல்களை அச்சிடுமுன் அரசின் இசைவு பெறவேண்டும் என்ற உரிமச் சட்டம் 1695இல் காலாவதியானது. அதன்பின் எவரும் எதையும் அச்சிடலாம். ஆனால் அச்சிட்ட பிறகு அரசுக்கு எதிரான அவதூறு என்று வழக்கு வரலாம். முன்தடை போய்ப் பின்தண்டனை நிலைத்த இந்தச் சூழலில் எழுத்தாளர்கள் பெயரை மறைத்தனர், அல்லது கற்பனை மனிதர் ஒருவரின் பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு அவர் குரலிலேயே பேசினர். முகத்தில் சிரிப்பின் சாயல் தெரியாமல் பேசுவது இவர்களுக்குக் கலைநயமாகவும் இருந்தது, தற்காப்பாகவும் இருந்தது.

அந்தத் தற்காப்பு முழுமையாகத் தோற்றுப்போன நிகழ்ச்சி டேனியல் டீஃபோவுக்கு நேர்ந்தது. 1702 மார்ச்சில் ஆன் அரசியார் அரியணை ஏறியபின், அரசுத் திருச்சபையில் சேராமல் தனி வழிபாடு நடத்திய புராட்டஸ்டண்ட் பிரிவினர் மீது, உயர் திருச்சபையினர் எனப்பட்ட கடும்போக்காளர்கள் மேடைதோறும் சீறத் தொடங்கினர். தாமே அப்பிரிவினரில் ஒருவரான டீஃபோ, அந்தச் சீற்றத்தின் நடையை அப்படியே வாங்கி, பிரிவினரைத் தீர்த்துக்கட்ட மிகச் சுருக்கமான வழி அவர்களுடைய போதகர்களைத் தூக்கிலிட்டு மற்றவர்களை நாடுகடத்துவதே என்று வாதாடும் சிறுநூல் ஒன்றை 1702 டிசம்பரில் பெயரின்றி வெளியிட்டார். உயர் திருச்சபையினரில் பலர் அதைத் தம் தரப்பு நூல் என்றே எண்ணி வரவேற்றனர். பிரிவினரோ அச்சத்தில் உறைந்தனர். எழுதியவர் யார் என்பது வெளியானதும், ஏமாந்தோம் என்ற வெட்கத்தில் முதல் தரப்பும், தங்களை வைத்து விளையாடிவிட்டான் என்ற கோபத்தில் இரண்டாம் தரப்பும் ஒருசேர அவர் மேல் பாய்ந்தன. சிரித்தவர் எண்ணிக்கை மிகக் குறைவு.

1703 ஜனவரியில் அவரைப் பிடித்துக்கொடுப்பவருக்கு 50 பவுன் பரிசு என்று அரசிதழ் அறிவித்தது. நடுத்தர உயரம், ஒல்லியான உடல், வளைந்த மூக்கு, கூரிய முகவாய், சாம்பல் நிறக் கண்கள், வாயருகே பெரிய மச்சம் என்று அந்த அறிவிப்பு தந்த அடையாளங்களே இன்றைக்கு அவருடைய தோற்றம் பற்றி எஞ்சியுள்ள மிகச் சிறந்த சொற்சித்திரம் என்பது ஒரு வேடிக்கை. பிப்ரவரியில் நாடாளுமன்ற ஆணைப்படி நூல் எரிக்கப்பட்டது. மே மாதம் ஆசிரியர் பிடிபட்டார். 200 மார்க் அபராதத்துடன், ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாள் தொழுமரத்தில் நிற்கவேண்டும் என்பது தண்டனை. தொழுமரம் என்பது தலைக்கும் இரு கைகளுக்கும் துளையிட்ட பலகை; அதில் மாட்டப்பட்டவர்மீது கூட்டம் அழுகல் முட்டையும் கல்லும் எறிவது வழக்கம், சிலர் அதிலேயே இறந்ததும் உண்டு. டீஃபோ தொழுமரத்தைப் பார்த்தே பாடிய பாட்டு ஒன்றை முதல் நாளன்றே அச்சிட்டு விற்பனைக்கு விட ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் அவரைத் தாக்காமல் அவர் நலம் வாழக் குடித்தது. மலர் தூவினார்கள் என்று பின்னாளில் எழுந்த கதையை நம்பியே ஆகவேண்டும் என்பதில்லை. நூலைப் படித்த கற்றவர்கள் தவறவிட்ட நகையைத் தெருவில் நின்ற கூட்டம் பிடித்துக்கொண்டது என்பதே போதுமான வியப்பு.

டீஃபோ கற்ற பாடம் கசப்பானது. அதே காலத்தில் எழுதவந்த ஜோனதன் ஸ்விஃப்ட் வாசகரின் தடுமாற்றத்தைக் கையாளுவதில் வேறொரு வகையான திறமை காட்டினார். அயர்லாந்தின் திருச்சபைக் குருவான அவர் 1704இல் பெயரின்றி வெளியிட்ட ‘தொட்டிக் கதை’, தந்தை விட்டுச்சென்ற அங்கியை எந்த மாற்றமும் செய்யாமல் அணியவேண்டும் என்ற உயிலைப் பெற்ற மூன்று சகோதரர்கள், நாகரிகத்துக்கு ஏற்ப அதில் குஞ்சமும் சரிகையும் தைத்துக்கொள்ள உயிலின் சொற்களை எப்படியெல்லாம் திரிக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. மூவரும் முறையே கத்தோலிக்கம், ஆங்கிலத் திருச்சபை, கால்வினியம் ஆகியவற்றின் உருவகங்கள். சமயத்தின் பெயரால் நடக்கும் கேலிக்கூத்தைச் சாடியதாக ஆசிரியர் எண்ண, சமயத்தையே சாடியதாக மேலிடத்தார் பலர் எண்ணினர்; இங்கிலாந்தில் ஓர் ஆயர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டாமல், 1713இல் டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு பதவியோடு அவர் நிற்க நேர்ந்ததற்கு அரசியாரின் மனத்தில் இந்நூல் ஏற்படுத்திய வெறுப்பே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது.

இந்நூலைத் தாக்கியவர்களுள் வில்லியம் வாட்டன் என்ற அறிஞர் முக்கியமானவர். அதே தொகுதியில் தாமும் கேலிக்கு ஆளாகியிருந்த அவர், 1705இல் வெளியிட்ட மறுப்புரையில், கதையின் ஒவ்வோர் உருவகமும் எந்தச் சமயச் சடங்கைக் குறிக்கிறது என்று பத்தி பத்தியாக விளக்கி, இவ்வளவு இழிவானது இந்நூல் என்று நிறுவினார். ஸ்விஃப்ட் அதற்குப் பதில் எழுதிச் சண்டை பிடிக்கவில்லை. 1710இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, ஒரு நீண்ட விளக்கவுரையை முன்னே சேர்த்ததோடு, வாட்டனின் விளக்கங்களை அப்படியே எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் வாட்டனின் பெயரை இட்டு, பக்கங்களின் அடியில் அடிக்குறிப்புகளாக அச்சிட்டுவிட்டார். நூலை ஒழிக்க எழுதியவர் அதற்கு உரையாசிரியரானார். இலக்கிய வரலாற்றில் ஒரு கண்டனம் இவ்வளவு மரியாதையாகப் பழிவாங்கப்பட்ட இடங்கள் அரிது.

1708இல் நடந்த பஞ்சாங்க விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு அதில் பெரிய மனிதர்களின் சாவைக் கணித்துவந்த ஜான் பார்ட்ரிஜ் என்ற சோதிடர், மார்ச் 29 இரவு பதினொரு மணியளவில் காய்ச்சலால் இறப்பார் என்று ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற புனைபெயரில் ஸ்விஃப்ட் கணித்தார்; நாள் கடந்ததும் அவர் இறந்துவிட்டதாகவே செய்தியும் வெளியிட்டார். உயிரோடுதான் இருக்கிறேன் என்று பார்ட்ரிஜ் அடுத்த பஞ்சாங்கத்தில் அறிவிக்க, உயிருள்ள மனிதன் எவனும் இப்படிப்பட்ட குப்பையை எழுதியிருக்க முடியாது என்று மறுமொழி வந்தது. ஊர் சிரித்தது, பார்ட்ரிஜ் சிரித்ததாகச் சான்றில்லை.

இவை அனைத்தும் 1726 அக்டோபர் 28 அன்று வெளியான கலிவரின் பயணங்களுக்கு முன்னோட்டம் எனலாம். கப்பல் மருத்துவர் லெமுவல் கலிவர் எழுதிய உண்மைப் பயணக் குறிப்பு என்ற தோற்றத்தில், அவருடைய படமும், லில்லிபுட் முதலிய நாடுகள் சுமத்ரா போன்ற தெரிந்த இடங்களுக்கு அருகே குறிக்கப்பட்ட வரைபடங்களும் சேர்த்து, இரண்டு தொகுதிகளாக எட்டரை ஷில்லிங் விலையில் அது வந்தது. பதிப்பாளர் பெஞ்சமின் மோட்டுக்கே ஆசிரியர் யாரென்று நேராகச் சொல்லப்படவில்லை. ரிச்சர்ட் சிம்ப்சன் என்ற கற்பனை உறவினரின் பெயரில், கவிஞர் ஜான் கேயின் கையெழுத்தில், 200 பவுன் கேட்டு ஒரு கடிதம் அவருக்குப் போனது; கையெழுத்துப் படியோ இருளில் ஒரு வாடகை வண்டியிலிருந்து போடப்பட்டதாகப் பேசப்பட்டது. தொழுமரத்தின் நினைவு மோட்டுக்கும் இருந்திருக்கும். வம்பான இடங்களை மாற்றி எழுதச் செய்தே அவர் அச்சுக்குக் கொடுத்தார்.

முதல் அச்சுப்படிகள் ஒரே வாரத்தில் தீர்ந்தன. அடுத்த சில வாரங்களில் டப்ளினிலிருந்த ஸ்விஃப்டுக்கு நண்பர்கள் எழுதிய கடிதங்கள், ஒரு நூலின் வரவேற்பைக் கிட்டத்திலிருந்து காட்டும் அரிய ஆவணங்கள். மருத்துவர் ஜான் ஆர்பத்நாட் வேல்ஸ் இளவரசி கரோலினைக் காணச் சென்றபோது அவர் அந்நூலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நொண்டி நடக்கும் இளவரசனின் பகுதிக்கு வந்து சிரித்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சிரிப்பின் பொருள் விளக்கத்துக்குரியது. லில்லிபுட் அரசியலில் உயர்குதிக் கட்சி, தாழ்குதிக் கட்சி என்று காலணிக் குதியின் உயரத்தை வைத்து இரண்டு பிரிவுகள் உண்டு. அவை டோரி, விக் என்ற உண்மையான கட்சிகளைக் குறிப்பன. இரு கட்சிக்கும் நல்லவராக இருக்க முயலும் பட்டத்து இளவரசன் ஒரு குதி உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் அணிந்திருப்பதால் விந்திவிந்தி நடக்கிறான். அந்த இளவரசன் வேறு யாருமல்லன், கரோலினின் கணவரே. தம் வீட்டாரைப் பற்றிய பழிகரப்பைக் கண்டுபிடித்துச் சிரித்த வாசகியாக அவர் நிற்கிறார்.

ஆர்பத்நாட்டின் அதே கடிதம் வேறு இருவரையும் காட்டுகிறது. ஒரு கப்பல் தலைவர், கலிவரை நன்றாகத் தெரியும் என்றும், அவர் வீடு வாப்பிங் பகுதியில் இருக்க, அச்சிட்டவர் ரோதர்ஹித் என்று தவறாகப் போட்டுவிட்டார் என்றும் சொன்னார். நூலை இரவல் வாங்கிய ஒரு முதியவர் உடனே தம் வரைபடத்தை எடுத்து லில்லிபுட்டைத் தேடத் தொடங்கினார். மறுபுறம், நூல் முழுவதும் நடக்கவியலாத பொய்கள், ஒரு சொல்லைக்கூட நம்புவதற்கில்லை என்று அயர்லாந்தின் ஆயர் ஒருவர் கூறியதாக ஸ்விஃப்ட் தம் நண்பரான கவிஞர் போப்புக்கு எழுதினார். நூலை நம்பியவரும் நம்ப மறுத்தவரும் ஒரே இடத்தில்தான் தவறினர். இருவருமே அதை உண்மையா பொய்யா என்ற தராசில் வைத்தனர். ஆயினும் இக்கதைகளைச் சொன்னவர்கள் அனைவரும் கேலியில் கைதேர்ந்தவர்கள் என்பதால், அந்த ஆயரும் முகம் மாறாமல் ஒரு நகைச்சுவை சொல்லியிருக்கலாம், அல்லது ஆயரே ஸ்விஃப்டின் படைப்பாக இருக்கலாம் என்ற ஐயத்தை விலக்க முடியாது.

கற்றவர்களிடையே கருத்து உடைந்தது. ஜான் கே எழுதியபடி, அமைச்சரவை முதல் குழந்தைகள் அறை வரை எல்லாரும் நூலைப் படித்தனர். முதிய மார்ல்பரோ கோமகள் அதில் மயங்கிக் கிடந்தார். ஆனால் ஸ்விஃப்டின் நெருங்கிய நண்பரான போலிங்புரோக் பிரபு, மனித இயல்பையே தாழ்த்துவதால் இதன் விளைவு தீது என்று கருதினார். மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி, ரசனை உள்ளவர்கள் எல்லாரும் இதன்மேல் பித்துப்பிடித்து அலைகிறார்கள் என்றும், எழுதியவர்கள் தாங்களே விலங்குகள் என்று மிகுந்த சொல்வன்மையோடு நிறுவி, குதிரைகளுக்குப் பெரும் மரியாதை செய்திருக்கிறார்கள் என்றும் தம் தங்கைக்கு ஏளனமாக எழுதினார். இன்னின்ன பாத்திரம் இன்னின்ன அமைச்சர் என்று விளக்கும் மலிவு நூல்கள் ‘திறவுகோல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. 1727இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த தெஃபோந்தேன், தம் நாட்டு ரசனைக்கு ஒவ்வாதவற்றை வெட்டித் திருத்தியதை முன்னுரையில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். பிரிட்டிஷ் தீவுகளுக்கு மட்டும் பொருந்தும் நூலை எழுதியவன் இரங்கத்தக்கவன், இதே குற்றங்கள் எல்லா நாட்டிலும் உண்டு என்ற பொருளில் ஸ்விஃப்ட் பதில் அனுப்பினார்.

இந்த எதிர்வினைகள் அனைத்தும் 1735இல் டப்ளின் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபாக்னர் வெளியிட்ட திருத்திய பதிப்பில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அதன் முகப்பில் கலிவர் தம் உறவினர் சிம்ப்சனுக்கு எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறது. அதில் கலிவர், தம் நூல் வந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் உலகில் ஒரு குற்றம்கூடத் திருந்தவில்லையே என்று குறைப்படுகிறார். அரசியல் பெரியவர்களை ஏசியதாகவும், மனித இயல்பைத் தாழ்த்தியதாகவும், பெண்களை இழித்ததாகவும் தம்மைக் குற்றம் சாட்டுவோரைப் பற்றி முறையிடுகிறார். வாரந்தோறும் திறவுகோல்களும் போலிப் பாகங்களும் வந்து குவிவதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இதெல்லாம் கற்பனை என்று சிலர் துணிந்து சொல்வதைப் பொறுக்க முடியாமல் பொங்குகிறார். மோட் செய்த மாற்றங்களைப் பற்றிய ஆசிரியரின் உண்மையான கோபமும் அதே குரலுக்குள் கலந்து வருவதால், எது ஸ்விஃப்டின் மனக்குறை, எது கலிவரின் கிறுக்கு என்று பிரிப்பது படிப்பவருக்கு மறுபடியும் ஒரு சோதனையாகிறது. 1710இல் வாட்டனை அடிக்குறிப்பாக்கியவர், இப்போது வாசக உலகத்தையே முன்னுரையாக்கினார்.

பின்வந்த நூற்றாண்டுகள் வேறு வழிகளில் இந்நூலோடு உடன்பாடு செய்துகொண்டன. பெரிய மனிதரையும் சிறிய மனிதரையும் நினைத்துவிட்டால் மீதியெல்லாம் எளிது என்று சாமுவேல் ஜான்சன் தள்ளிவிட்டார். 1851இல் ஆங்கில நகைச்சுவையாளர் பற்றி உரையாற்றிய தாக்கரே, குதிரைகளை உயர்த்தி மனிதரைத் தாழ்த்தும் நான்காம் பாகத்தைப் படிக்காதவர்கள் படிக்கவே வேண்டாம் என்று அவையினரைத் தடுத்தார். குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகள் முதல் இரண்டு பாகங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தன. தமிழ்நாட்டில் பலர் கலிவரை லில்லிபுட்டர்களின் கயிறுகளால் கட்டுண்டு கிடக்கும் மனிதராக மட்டுமே அறிந்திருப்பதற்கும் அந்தச் சுருக்கமே காரணம்.

ஒரு பகுதி மட்டும் ஃபாக்னர் பதிப்பிலும் இடம்பெறவில்லை. 1722இல் வில்லியம் வுட் என்பவருக்கு அயர்லாந்துக்கான செப்புக்காசு அடிக்கும் உரிமை தரப்பட்டபோது, ஒரு துணிவணிகரின் பெயரில் ஸ்விஃப்ட் எழுதிய மடல்கள் நாட்டையே கிளப்பிவிட்டன. எழுதியவரைக் காட்டிக்கொடுக்க 1724இல் 300 பவுன் பரிசு அறிவிக்கப்பட்டும், யாரென்று டப்ளின் முழுவதும் தெரிந்திருந்தும், ஒருவரும் வாய் திறக்காமல் இருக்க, மறு ஆண்டு உரிமை திரும்பப் பெறப்பட்டது. கலிவரின் மூன்றாம் பாகத்தில் லிண்டலினோ என்ற நகரம், மேலே வந்து நசுக்க முயலும் பறக்கும் தீவைக் கோபுரங்களில் வைத்த காந்தத்தால் மடக்கி மன்னரைப் பணியவைக்கிறது. பெயருக்குள் ‘லின்’ இருமுறை வருகிறது. ஆங்கிலத்தில் ‘டபிள்’ லின், அதாவது டப்ளின். மோட்டும் இதை அச்சிடவில்லை, ஃபாக்னரும் துணியவில்லை. ஸ்விஃப்டின் நண்பர் சார்ல்ஸ் ஃபோர்டு தம் படியில் சேர்த்து எழுதிவைத்த அந்த ஐந்து பத்திகள், வுட்டின் காசுகள் செல்லாமற்போய் 174 ஆண்டுகள் கழிந்தபின், 1899இல் அச்சேறின.