கொலாபாவும் செஞ்சியும்

நம் காலனியில் பிறந்து வளரும் சிறார், இம்மண் வேறு, நம் மண் வேறு என எண்ணுதல் இயல்பே. ஆயின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மும்பைத் துறைமுகத்திற்குத் தெற்கே, அரபிக் கடலுக்கும் சஹ்யாத்திரி மலைக்கும் இடைப்பட்ட நிலம் முன்னாளில் கொலாபா ஜில்லா எனப்பட்டது. 1981-இல் அது ராய்கட் எனப் பெயர் மாறியது.

பழைய பெயரைத் தந்த கோட்டை அலிபாக் கடலில் இன்றும் நிற்கிறது. கடல் வற்றிய வேளையில் நடந்தே செல்லலாம். நீர் ஏறினால் படகே துணை. மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கிரே, பிறநாட்டுக் கப்பல்களை அஞ்சவைத்த கடல் இதுவே.

புதிய பெயரைத் தந்த மலைக்கோட்டையில் சிவாஜி 1674-இல் முடிசூடினார், 1680-இல் மறைந்தார். 1677-இல் அவர் கைக்கொண்ட நம் செஞ்சிக் கோட்டை, பின்னர் அவர் மைந்தருக்கே புகலிடமாயிற்று. 1689-இல் மொகலாயர் படை ராய்கட்டை முற்றுகையிட்டபோது, ராஜாராம் தப்பிச் செஞ்சியை அடைந்தார். சில ஆண்டுகள் மராத்திய அரசின் தலைமை தமிழ் மண்ணிலேயே இருந்தது. 1698-இல் செஞ்சியும் மொகலாயர் வசமாயிற்று.

2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற 12 கோட்டைகளுள் ராய்கட்டும் செஞ்சியும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. அலிபாக்கை அடுத்த காந்தேரித் தீவுக் கோட்டையும் அவற்றுள் ஒன்று.

மழைக்காலம் நீங்கிய விடுமுறை நாளொன்றில், மும்பையிலிருந்து மாண்ட்வாவிற்குப் படகேறி, அலிபாக் சென்று வருவோம். உடன்வரும் நம் மக்களுக்குச் செஞ்சியின் கதையை அக்கடற்கரையிலே கூறுவோமாக!