தந்திச் சட்டமும் கரிசல் காட்டு மின்கோபுரமும்



காரியாபட்டி, மல்லாங்கிணறு பக்கம் பஸ்ஸில் போகும்போது கரிசல் காட்டில் நிற்கும் மின்கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலத்துக்காரரிடம் யாராவது முன்கூட்டியே கேட்டிருப்பார்களா என்று எப்போதாவது நினைத்ததுண்டா? நான் நினைக்கக் காரணம் வங்கி வேலைதான்.

ஒரு விவசாயி நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டு வந்தார். பட்டா சரி, முப்பது வருட வில்லங்கச் சான்றும் சுத்தம். நேரில் போய்ப் பார்த்தால் நிலத்தின் நடுவே உயரழுத்தக் கம்பி போகிறது. மதிப்பீட்டைக் குறைத்தார்கள்; கேட்ட கடன் கிடைக்கவில்லை. "நான் ஒரு கையெழுத்துகூடப் போடலையே சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. கையெழுத்து வாங்க வேண்டிய அவசியமே சட்டத்தில் இல்லை.

இதன் வேர் 1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பத்தை யார் நிலத்திலும் நடலாம். நிலம் உடையவருக்கே சொந்தம், அரசுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். சேதத்துக்கு இழப்பீடு உண்டு. தடுத்தால் கலெக்டர் அனுமதி தருவார். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மெல்லிய தந்திக் கம்பத்துக்கு இது பொருந்தியது. 1910 மின்சாரச் சட்டம் இதே அதிகாரத்தை மின்தடங்களுக்கும் தர வழி செய்தது. 1932-ல் பைகாரா, 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வர, கம்பிகளும் மாகாணம் முழுவதும் நீண்டன.

1948 மின்வழங்கல் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பெரிய திட்டங்களை அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் தரவேண்டும். 2003 மின்சாரச் சட்டம் வந்தபோது அந்தப் பழைய சட்டம் போயிற்று. ஆனால் தந்திச் சட்ட அதிகாரம் 164-ம் பிரிவாகத் தங்கிவிட்டது. அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கு உடைமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் கூறியது. தந்தி சேவை 2013-ல் நின்றது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்க வகை செய்தது. மின்தடங்களுக்கு மட்டும் அதன் பழைய பகுதி செல்லும் என்று விட்டுவைத்தது.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சாலையோரம் கேபிளாகப் பதியுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. செலவு பல மடங்கு, எல்லா இடத்திலும் முடியாது என்பது மறுதரப்பு. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடத்தைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் கோபுரம், கேரளத்தில் வடக்கஞ்சேரிக்கு அப்பால் சாலையோரக் கேபிள். ஒரே தடம், இரண்டு விதம்!

இழப்பீடு உயர்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2015 மத்திய அரசு வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது 200, 30 என்று ஆனது. இருந்தாலும் இது தடம் முடிவான பிறகு பேசும் பேச்சு. எந்த சர்வே எண் வழியாகப் போவது என்பதில் ஊருக்கு இன்னும் இடமில்லை. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலிலும் மின்தடம் இல்லாததால், அந்த வகைக் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். விருதுநகர்–கோவை 765 கிலோவோல்ட் தடத்துக்குக் கடன் தருவது ஆசிய வளர்ச்சி வங்கி. பாதிக்கப்படும் மக்களைக் கலந்து பேசவேண்டும் என்பது அந்த வங்கியின் கடன் நிபந்தனை. நம் சட்டம் கேட்காததைக் கடன் கொடுப்பவர் கேட்கிறார். இந்த வகைத் தடத்துக்குச் சுமார் 67 மீட்டர் அகலப் பாதை வேண்டும். சிறு விவசாயிக்கு அது காட்டில் பெரும்பங்கு.

நம் வளாகத்தில் டிரான்ஸ்பார்மர் எங்கே வைப்பது என்பதற்கே பொதுக்குழு கூட்டி, வரைபடம் ஒட்டி, ஆட்சேபம் கேட்கிறோம். அதே மரியாதை கிராமத்துக்கும் வேண்டாமா? தடம் வரையும்போதே சர்வே எண்களோடு வரைபடத்தை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஒட்டி, கிராமசபையில் வைத்து, பழையபடி இரண்டு மாதம் அவகாசம் தரலாம். உங்களில் பலருக்குச் சொந்த ஊரில் பட்டா இருக்கும். அடுத்த கிராமசபைக்கு ஊருக்குப் போய் இதைக் கேளுங்கள். நம் வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரம் யாரோ ஒருவர் காட்டின் மேலாகத்தான் வருகிறது.