மிளகுத் தண்ணீரின் கடற்பயணம்

முன்னொரு நாள் வகுப்பில் மாணவன் ஒருவன் ஆங்கில நூலொன்றில் 'மல்லிகட்டானி' என்னும் சொல்லைக் கண்டு பொருள் வினவினான். "உன் அன்னை வைக்கும் மிளகுத் தண்ணீரே அது" என்றேன். அவன் நம்ப மறுத்தான்.

கும்பினியார் காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் அதனை இறைச்சி சேர்த்துச் சூப்பாக்கினர். பெயரோடு தம் நாட்டிற்கும் கொண்டு சென்றனர். 1747-இல் வெளிவந்த ஹன்னா கிளாசின் சமையல் நூலில் 'கறி' முன்னரே இடம்பெற்றுவிட்டது. 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவ்விரு சொற்களுக்கும் தமிழ் மூலத்தைக் காட்டிற்று. கஞ்சியும் அதில் உண்டு.

பண்டத்தை மாற்றியவர்கள் பெயரை மொழிபெயர்க்கவில்லை, நாவிற்கேற்பத் திரித்துக்கொண்டனர். அதனால் ஆங்கிலம் குன்றிவிடவில்லை. தன் வீட்டுச் சொல்லையே அயற்சொல்லென்று மயங்கினானே, அம்மாணவனின் மறதிதான் எனக்குக் கவலை தந்தது.